புள்ளியா, கறையா?

சென்ற கோடை விடுமுறையில், கணினித் திரையில் இருந்த ஒரு கனசதுரத்தின்மேல் சிவப்புப் புள்ளி ஒன்றை வைக்க முயன்று நான் மூன்று நாட்களைச் செலவழித்தேன். காகிதத்தில் வைப்பதற்கு ஒரு நொடி போதும். சுவரில் வைக்க விரல் நுனியில் சிறிது குங்குமம் போதும். கணினியிலோ புள்ளி வரவேயில்லை. முகப்பின் நடுவில் தூரிகையை அழுத்தினால் ஒன்றும் நிகழவில்லை. மூலையருகே கொண்டுசென்றால் முகப்பின் கால்பங்கு சிவந்து, நடுவை நோக்கி வெளுத்துக் கரைந்தது. நீர் அதிகமாகிப்போன சாயம் துணியில் பரவுவதுபோல் இருந்தது.

இந்த வயதில் இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் ஒரு நடுகல். கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்குக் கல்வெட்டியல் பாடம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் ஒருமுறை அவர்களை வெளியே அழைத்துப் போவதுண்டு. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வழியாக மேற்கே போனால் செங்கம். அந்த வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூல், பல்லவர் காலத்து வீரர்களின் பெயர்களை வரிசையாக நம்முன் நிறுத்தியது. ஆனிரை கவர்ந்தபோதும் மீட்டபோதும் மாண்டவர்கள் அவர்கள். தொல்காப்பியத்தின் புறத்திணையியல் காட்சி தொடங்கி வாழ்த்து வரை வகுத்துச் சொல்லும் நிலைகளை வகுப்பறையில் ஒப்பிப்பது வேறு. வட்டெழுத்து பொறித்த கல்லின் முன்னால் வெயிலில் நிற்பது வேறு.

அப்படிச் சென்ற ஒருமுறை, வரப்போரம் நின்ற ஒரு கல்லை என் பழைய மாணவர் ஒருவர் தம் கைப்பேசியால் சுற்றிச்சுற்றி எண்பது படங்கள் எடுத்தார். ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியுமாறு எடுக்கப்பட்ட படங்களைக் கொடுத்தால், அவற்றை ஒப்பிட்டுக் கல்லின் ஒவ்வொரு புள்ளியும் வெளியில் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு, முப்பரிமாண உருவமாகத் தரும் மென்பொருள்கள் இன்று உள்ளன. அவர் அதைச் செய்து எனக்கு அனுப்பினார். அதைத் திறந்து பார்க்கவும், மங்கிய எழுத்துகளைத் துலக்கவும்தான் வண்ணம் தீட்டும் மென்பொருளைக் கற்கப் புகுந்தேன். கல்லில் கைவைக்கும் முன் ஒரு கனசதுரத்தில் பழகிக்கொள்ளலாம் என்று எண்ணினேன். அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

குழப்பத்தைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். இனிக் கற்க வருகிறவர்களுக்கு உதவக்கூடும். நான் சொல்ல வந்த கருத்தும் அந்தக் குழப்பத்துக்குள்தான் இருக்கிறது.

கணினியில் உள்ள முப்பரிமாண உருவம் உள்ளே திணிவற்றது. வெறும் தோல்தான். அந்தத் தோலும் ஒரு வலை. முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கோடுகளுக்கிடையே முகங்களும் கொண்டது. இதை ‘மெஷ்’ என்கிறார்கள். கனசதுரத்துக்கு 8 முனைகள், 6 முகங்கள். நான் அறியாமல் தேர்ந்துகொண்டிருந்த தூரிகை, நிறத்தை முனைகளில் மட்டுமே சேமிக்கும் வகையைச் சேர்ந்தது. முனைக்கும் முனைக்கும் இடைப்பட்ட இடத்தில் மென்பொருள் இரு நிறங்களையும் கலந்து நிரப்பிவிடும். ஆகவே என்னிடம் இருந்தது எட்டே எட்டுச் சொட்டு வண்ணம் கொள்ளும் பலகை. முகப்பின் நடுவில் முனையே இல்லாதபோது அங்கே புள்ளி எப்படி விழும்?

வலையைச் செறிவாக்கினால் தீரும் என்று கண்டுகொண்டேன். ஒருமுறை பகுத்தால் ஒவ்வொரு முகமும் நான்காகும். 6 முகங்கள் 24 ஆகும். பிறகு 96, 384, 1536. மென்பொருளில் ‘2’ என்று இருந்ததை ‘3’ ஆக்குவது சிறு மாற்றமாகத் தோன்றும். உண்மையில் அது நான்கு மடங்கு. பத்தாம் நிலையில் முகங்களின் எண்ணிக்கை 62 லட்சத்தைத் தாண்டுகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே நான் பத்து என்று தட்டச்சு செய்துவிட்டேன். கணினி அசைவற்று நின்றது. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்லை இரட்டிப்பாகக் கேட்ட புலவனின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், நாம் மறந்துவிடுகிறோம்.

மறுபடி தொடங்கி மூன்றாம் நிலையோடு நிறுத்திக்கொண்டேன். கனசதுரம் மழுங்கி உருண்டையாகத் தெரிந்தது. தூரிகையை வைத்தேன், பழைய கதையே. அந்தச் செறிவு திரையில் காட்டுவதற்காக மட்டும் கணக்கிடப்படுவது என்பதும், நிலைப்படுத்தும் கட்டளையைத் தந்தாலன்றி உள்ளே அதே எட்டு முனைகள்தாம் இருக்கும் என்பதும் பிற்பாடு தெரிந்தது. போதாக்குறைக்கு, திரையில் காட்டும் செறிவுக்கு ஓர் எண், இறுதிப் படத்துக்கு வேறோர் எண். இன்னொரு கருவியிலோ எண்ணைக் கூட்டினால் வலை நெகிழ்கிறது, குறைத்தால் செறிகிறது. ஏனெனில் அங்கே கேட்கப்படுவது கண்ணியின் அளவு. மீன்வலை பின்னுகிறவருக்கு இது தெரியும். கண்ணி சிறுத்தால் வலை நெருங்கும். எனக்குத் தெரியவில்லை.

இதன்பின்தான் மற்றொரு வழி இருப்பதை அறிந்தேன். வலையின் முனைகளில் தீட்டாமல், ஒரு தட்டையான படத்தில் தீட்டி, அந்தப் படத்தை உருவத்தின்மேல் போர்த்துவது. இனிப்புக்கடை அட்டைப்பெட்டியை மடிப்பு பிரித்து மேசையில் விரித்தால் ஒரே தட்டையான அட்டையாகிவிடும் அல்லவா? அதுபோல உருவத்தின் தோலை விரித்துப் படத்தின்மேல் வைக்கிறார்கள். படத்தில் எந்த இடத்தில் நிறம் விழுந்தாலும், மடித்த பெட்டியில் அதற்குரிய இடத்தில் அது தெரியும். இம்முறையில் என் சிவப்புப் புள்ளி நொடியில் விழுந்தது. கனசதுரத்துக்கு அதே எட்டு முனைகள்தாம். புள்ளியோ துல்லியமாக இருந்தது. படத்தின் பக்கத்துக்கு 1024 பிக்சல் என்று வைத்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். 4096 என்று வைத்தால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல்.

இந்த இரண்டுக்கும் மென்பொருளும் பயிற்சிக் காணொளிகளும் வழங்கும் சொல் ஒன்றே: ரெசல்யூஷன். தமிழில் ‘பிரிதிறன்’ என்றும் ‘தெளிவுத்திறன்’ என்றும் எழுதுகிறோம். வலைக்கும் அதுவே, படத்துக்கும் அதுவே. கற்பவன் வலையின் எண்ணைக் கூட்டிவிட்டுப் படம் தெளியவில்லையே என்று ஏங்குகிறான். படத்தின் எண்ணைக் கூட்டிவிட்டு வடிவம் கூர்மையாகவில்லையே என்று திகைக்கிறான். இது அவனுடைய மந்தபுத்தி அன்று. இரண்டு பொருள்களுக்கு ஒரு சொல் வைத்தால் எந்த மாணவனும் தடுமாறவே செய்வான். நான் ஒன்றை ‘வலைச்செறிவு’ என்றும் மற்றதைப் ‘படச்செறிவு’ என்றும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிய அன்றே பாதிக் குழப்பம் தீர்ந்தது. கலைச்சொல் என்பது மொழிப்பற்றுக்கான அலங்காரம் என்று கருதுகிறவர்கள் உண்டு. கற்கிறவனுக்கு அது கைவிளக்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உருவத்தின்மேல் படத்தைப் போர்த்தும் முறையை 1974இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்தவர் எட்வின் கேட்முல். முகங்களைப் பகுத்துப் பகுத்து வளைவாக்கும் முறையை 1978இல் ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து வகுத்தவரும் அவரே. என்னை மூன்று நாள் அலைக்கழித்த இரண்டு செறிவுகளுக்கும் ஊற்று ஒரே மனிதர். அவருக்கு அவை இரண்டாகவே தெரிந்திருக்கும். நமக்கு வந்து சேரும்போதுதான் ஒன்றாகிவிட்டன.

*

இனி கல்லுக்கு வருகிறேன்.

அந்த நடுகல்லின் முகப்பு ஏறத்தாழ 120 செ.மீ. உயரமும் 75 செ.மீ. அகலமும் கொண்டது. மாணவர் முதலில் உருவாக்கிய வலையில் முகப்புக்கு மட்டும் 20 லட்சம் முக்கோணங்கள் இருந்தன. கணக்கிட்டால் ஒவ்வொரு முக்கோணத்தின் பக்கமும் ஏறத்தாழ 1 மி.மீ. கல்லில் எழுத்து நான்கு செ.மீ. உயரம், உளியோடிய பள்ளம் நாலைந்து மி.மீ. அகலம். ஆகவே அந்த வலையில் பள்ளம் பள்ளமாகவே பதிந்திருந்தது. ஆனால் என் கணினி அதைத் தாங்காது. எனக்காக அவர் வலையைக் குறைத்து 20,000 முக்கோணங்களாக்கி அனுப்பினார். நூறில் ஒரு பங்கு. பக்கம் ஏறத்தாழ ஒரு செ.மீ. ஒரு செ.மீ. கண்ணி கொண்ட வலையில் நாலு மி.மீ. பள்ளம் எப்படித் தங்கும்? நழுவிப் போயிற்று. எழுத்துகள் அனைத்தும் வடிவிலிருந்து மறைந்துவிட்டன.

எனக்கு அது தெரியவே இல்லை. ஏனென்றால் மேலே போர்த்தியிருந்த படம் 4096 பிக்சல் கொண்டது. ஒரு பிக்சலுக்கு மூன்றில் ஒரு மி.மீ.கூட வராது. எழுத்து, பாசி, எண்ணெய்க் கறை, மஞ்சள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கல்லே கண்முன் நிற்பதாக நம்பினேன். நின்றது வழவழப்பான ஒரு பலகையும் அதன்மேல் ஒட்டிய புகைப்படமும்தான்.

நம் ஊர் அம்மன் கோயில் சுதைச் சிற்பங்களை அருகில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கீழிருந்து பார்த்தால் புருவமும் மீசையும் மடிப்புச் சேலையும் துல்லியமாகத் தெரியும். மேலே போனால் முகம் ஒரு சுண்ணாம்பு உருண்டை. துல்லியம் முழுவதும் தூரிகையின் கைவேலை. சுதையில் அது கலை. சாமியின் மீசையை யாரும் ஆவணமாகக் கொள்வதில்லை. கல்வெட்டில் அப்படியில்லை.

நான் தூரிகையை எடுத்தேன். மங்கிய கீறல்களின்மேல் கருமையை மெல்ல ஏற்றினேன். வரிகள் எழுந்து வந்தன. நடுகற்களில் அடிக்கடி வரும் ‘தொறு’ என்ற சொல் துலங்கியது. ‘பட்டான்’ துலங்கியது. அதன் இறுதி எழுத்தின் தலைமேல் சிறு கரும்புள்ளி ஒன்று தெரிந்தது, அதையும் அழுத்தமாக்கினேன். இரவு பதினோரு மணிக்கு, கல்வெட்டு படிப்பதில் தேர்ந்த நண்பர் ஒருவருக்குப் படத்தை அனுப்பிவிட்டு நிறைவோடு படுத்தேன்.

காலையில் அவர் கேட்டது ஒரே கேள்வி: “மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கிறதே, அது புள்ளியா, கறையா? நீங்கள் கல்லில் பார்த்தீர்களா?”

கேள்வியின் கனம் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆனால் பழங்கல்வெட்டுகளில் புள்ளி பல இடங்களில் இடப்படுவதில்லை. ‘படடான’ என்று இருப்பதைப் ‘பட்டான்’ என்று படிப்பவர் தம் மொழியறிவைக் கொண்டு படிக்கிறார். ஆகவே புள்ளி உண்மையிலேயே பொறிக்கப்பட்டிருந்தால் அது குறிக்கத்தக்க செய்தி. எழுத்தின் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. கல்லில் புள்ளியில்லாததைப் புள்ளியோடு படிப்பது அறிவு. கல்லில் இல்லாத புள்ளியை இருப்பதாகக் காட்டுவது பொய். நான் இரண்டாவதைச் செய்திருக்கக்கூடும் என்ற எண்ணம் வந்ததும் உடல் கூசியது.

திரையில் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். கல்வெட்டு படிப்போர் காலை, மாலை வெயிலில் போவதும், இருட்டியபின் கைவிளக்கைச் சாய்த்துப் பிடிப்பதும் இதற்காகத்தான். சாய்ந்த ஒளியில் பள்ளம் நிழலைக் காட்டிவிடும். என் திரையில் ஒளி எங்கே போனாலும் எழுத்துகள் அசையவில்லை. படம் எடுத்த அன்றைய உச்சிவெயிலின் நிழல் அவற்றில் உறைந்து கிடந்தது. புள்ளியும் அசையவில்லை. அது உளியின் குழியாகவும் இருக்கலாம், எண்ணெய்த் துளியாகவும் இருக்கலாம். அதைச் சொல்லக்கூடிய வலையை நாங்கள்தான் எடை குறைப்பதற்காகக் களைந்துவிட்டோம்.

பிறகு மாணவரின் வீட்டுக்கே போய், அவருடைய வலிய கணினியில் 20 லட்சம் முக்கோணங்களைக் கொண்ட மூல வலையைத் திறந்தோம். போர்த்திய படத்தை முழுவதும் நீக்கி, கல்லைச் சாம்பல்நிறக் களிமண்போல் ஆக்கி, ஒளியைச் சாய்த்தோம். ‘ட’வின் கோடு நிழல் காட்டியது. ‘ன’வின் வளைவு நிழல் காட்டியது. புள்ளி இருந்த இடம் சமதளம். அந்தக் கல்லை இன்றும் வேடியப்பனாக வணங்குகிறார்கள். யாரோ ஒருவர் பக்தியோடு தெளித்த எண்ணெயின் துளிக்கு நான் இலக்கண மதிப்பு கொடுத்திருந்தேன். நண்பரை அழைத்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

*

இந்தச் சிக்கலை நம் கல்வெட்டறிஞர்கள் கணினிக்கு நெடுங்காலம் முன்பே தீர்த்து வைத்திருந்தார்கள் என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், மாணவர்களுக்குக் காட்டியும் இருக்கிறேன்; அது ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்று யோசித்ததில்லை. கல்லைக் கழுவித் தூய்மை செய்கிறார்கள். நனைத்த தாளை அதன்மேல் பரப்பித் தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்குகிறார்கள். ஈரம் காயும் பதத்தில் மை தோய்ந்த பொதியால் ஒற்றுகிறார்கள். மேட்டில் கருமை ஏறுகிறது, பள்ளம் வெள்ளையாக நிற்கிறது. கறையும் பாசியும் மஞ்சளும் அதில் வருவதில்லை. நிறம் முற்றாக உதிர்ந்து, வடிவம் மட்டுமே தாளில் ஏறுகிறது. வடிவைப் படமாக்குவதுதான் மைப்படி. 1886இல் சென்னையில் அரசுக் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற ஹூல்ஷ் காலத்திலிருந்து நம் கல்வெட்டுகள் பெரும்பாலும் இந்தத் தாள்களின் வழியாகவே படிக்கப்பட்டன. 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதிக்குப் பின்னாலும் அந்தக் கருந்தாள்கள் உண்டு.

முப்பரிமாணத் துறையிலும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. செறிந்த வலையின் மேடுபள்ளங்களைக் கணக்கிட்டு ஒரு படமாக்கி, எளிய வலையின்மேல் போர்த்தும் முறை. வடிவை மாற்றாமலே மேற்பரப்பில் சுருக்கங்களைக் காட்டலாம் என்று 1978இல் ஜிம் பிளின் காட்டியதன் வழிவந்தது அது. அப்படிப் போர்த்திய கல், ஒளியைத் திருப்பினால் நிழலையும் திருப்பும். எளிய கணினியிலும் திறக்கும். மூல வலையிலிருந்து எடுத்திருந்தால் அது மைப்படியைப் போல நேர்மையானது. கையால் தீட்டியிருந்தால் என் புள்ளியைப் போன்றது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும் என்பதே அபாயம்.

“படிக்க முடிந்தால் போதாதா? வலை எவ்வளவு என்று யார் கேட்கப் போகிறார்கள்?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். இன்று கேட்கமாட்டார்கள். அந்தக் கல் நாளை சாலை விரிவாக்கத்தில் பெயர்க்கப்படலாம். எனாமல் பூசப்படலாம், பல கற்களுக்கு ஏற்கெனவே பூசியாயிற்று. அதன்பின் எஞ்சியிருப்பது நம் கணினிக் கோப்பு மட்டுமே. கல் போனபின் கேள்வி கேட்கிறவனுக்குக் கோப்பு விடை சொல்ல வேண்டும். வழவழப்பான பலகையின்மேல் ஒட்டிய அழகான படம் விடை சொல்லாது.

ஆகவே என் கருத்து இது. நடுகல்லையோ கல்வெட்டையோ முப்பரிமாணமாக்கிப் பொதுவில் வைப்பவர்கள் மூன்றைச் செய்ய வேண்டும். வலைச்செறிவையும் படச்செறிவையும் தனித்தனியே எண்ணாக எழுதி வைக்க வேண்டும். குறைக்காத மூல வலையை, எத்தனை கனமானாலும், அழிக்காமல் காக்க வேண்டும். தம் வாசிப்பைத் தூரிகையால் காட்ட விரும்பினால் அதைத் தனி அடுக்கில் தீட்டி, தீட்டியது தாம் என்று சொல்ல வேண்டும். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கல்வெட்டுப் பதிப்புகளில் ஐயத்துக்குரிய எழுத்துகளைப் பகர அடைப்புக்குள் தரும் மரபு இருக்கிறது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., ஏடு சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பிவிடாமல் புள்ளியிட்டு வெறுமையாகவே விட்டார். நிரப்பத் தெரியாமலா விட்டார்? இல்லாததைக் காட்டவும் அவர் புள்ளி வைத்தார். நான் வைத்த புள்ளி இல்லாததை இருப்பதாக்கியது.

தொடக்கநிலைக் குழப்பத்தைப் பற்றி எழுதத் தொடங்கி இங்கே வந்து நிற்கிறேன். குழப்பம் எனக்கு நேர்ந்ததில் வருத்தமில்லை. கனசதுரத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டாமல் இருந்திருந்தால் வடிவம் வேறு, அதன்மேல் தோன்றுவது வேறு என்பதை நண்பரின் கேள்விக்குப் பிறகும் உணர்ந்திருக்கமாட்டேன். இந்த ஆண்டு மாணவர்களுக்குப் பாடத்தை மாற்றி நடத்தப் போகிறேன். முதலில் மைப்படி, பிறகு கணினி. திரையில் ஓர் எழுத்து தெரிந்தவுடன் அதைப் படிக்கத் தொடங்காமல், ஒளியைச் சாய்த்து அது நிழல் காட்டுகிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் மட்டும் படிந்துவிட்டால் மற்றவற்றை என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள்.